நவம்பர் கவர்

பியாட்ரிஸ் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை. மாதா உண்டு, சூசையப்பர் உண்டு, ஒட்டகம் உண்டு, காது உடைந்த கழுதைகூட உண்டு. அத்தனை பேரும் சுற்றி நின்றுகொண்டு, வைக்கோல் பரப்பிய காலி முன்னணையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைக் கலைக்கிற வரைக்கும் இதே கதைதான். ஈஜிபுராவில் அந்தச் சந்து முழுக்க இது தெரியும். குடில் பார்க்க வருகிற பிள்ளைகள் "ஆன்ட்டி, பேபி எங்கே" என்று கேட்டுவைக்கப் போகிறார்களே என்று, தாய்மார்கள் வாசலிலேயே அவர்கள் காதில் ஓதித்தான் உள்ளே விடுவார்கள்.

குழந்தை தொலைந்துபோகவில்லை. பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில், பஞ்சு சுற்றிப் பத்திரமாகப் படுத்திருந்தது. இடது கையில் சுண்டுவிரல் மட்டும் இல்லை.

வீட்டில் யார் இளையவரோ அவர் கையால்தான் பாலன் இயேசுவை முன்னணையில் வைக்க வேண்டும் என்பது பியாட்ரிஸ் பிறந்த வீட்டு வழக்கம். பாலன் சுரூபமே அங்கிருந்து சீதனத்தோடு வந்ததுதான். ஒற்றைப் பிள்ளை ரெஜினால்டு ஒரு வயசில் அவள் இடுப்பிலிருந்து குனிந்து வைத்தான். அரும்பு மீசை வந்த பிறகும், "இது சின்னப் பசங்க வேலம்மா" என்று முனகிக்கொண்டே வைத்தான். தொண்ணூற்று நாலாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது வாயில் பீர் வாசனை அடித்தது. பதினெட்டு வயசு.

அவன் அப்பா சின்னப்பா அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங் வேலை செய்கிறவர். நசுங்கின கார்களைத் தட்டி நிமிர்த்தியே பழகிய மனுஷர், பெற்ற பிள்ளைக்கும் அதே வைத்தியம்தான் வைத்திருந்தார். அன்றைக்குச் சொந்தபந்தமெல்லாம் கூடத்தில் இருந்தது. ரெஜி பாலனைக் கையில் எடுத்ததும், "குடிச்ச கையால சாமியத் தொடாதடா" என்று பிடுங்கினார். அந்த இழுபறியில்தான் சுண்டுவிரல் உடைந்தது. பாலனைச் சின்னப்பாவே முன்னணையில் வைத்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றினார். இருபத்தாறாம் தேதி காலையில் ரெஜியின் பாய் சுருட்டி வைத்தபடி இருந்தது. ஆளைக் காணோம்.

போலீஸில் எழுதிக்கொடுத்தார்கள், நேர்ந்துகொண்டார்கள், ஓசூர் வரைக்கும் போய்த் தேடினார்கள். ஒரு துப்பும் இல்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டும்போது பியாட்ரிஸ் சொன்னாள்: "அவன் வந்து வெப்பான். வேற யாரும் அதத் தொடக் கூடாது." வேறு யாரும் என்றால் யார் என்பது சின்னப்பாவுக்குப் புரிந்தது.

மற்றபடி பண்டிகையில் அவள் ஒரு குறையும் வைத்ததில்லை. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வாக்கில் தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவுவாள். குளிரில் அது சோம்பிச் சோம்பி முளைத்து, இருபத்து நாலாம் தேதிக்குக் குடிலுக்குப் புல்வெளி தயாராகிவிடும். கல்கல்லும் அச்சு முறுக்கும் சுட்டு, சந்தில் பதினாறு வீட்டுக்கும் தட்டு அனுப்புவாள். இதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தருகிற பலகாரத்தைத்தான் சாப்பிட வேண்டும். தன் வீட்டு அடுப்பில் வருஷம் தவறாமல் எண்ணெய் காய்கிறதென்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியட்டும் என்றுதான் அவள் அத்தனை பலகாரம் சுட்டாள்.

தொண்ணூற்று எட்டில், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் இரண்டு கிலோ மைதாவைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, பியாட்ரிஸ் பூசைக்குப் போனாள். சின்னப்பா முதல் பூசை பார்த்துவிட்டு ஓவர்டைம் என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தார். பூசை முடிந்ததும் பெண்கள் கூடிக் கோயிலைக் கழுவிவிட வேண்டும். பீடத்துப் பக்கம் பியாட்ரிஸ் பங்குக்கு வந்தது.

பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. நவம்பர் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைக் காகிதத்தில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மேலே தங்கள் பெயரை எழுதி அந்தப் பெட்டியில் போடுவார்கள். மாதம் முழுக்க அவர்களுக்காகப் பூசை நடக்கும். கிறிஸ்துமஸ் குடில் வைப்பதற்கு முன்னால், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயிற்பிள்ளை கவர்களைப் பிரிக்காமலே பின்கட்டில் எரித்துவிடுவார். "ஆண்டவர் படிச்சாச்சு, நாம படிக்கக் கூடாது" என்பது அவர் சட்டம்.

"பெட்டிய அப்படியே சாக்குல கவுத்துடும்மா" என்றார் அவர்.

பியாட்ரிஸ் கவிழ்த்தாள். அவளுக்கு ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் பீஸ் செக்கிங் வேலை. நூறு சட்டைக்குள் ஒரு பிசிறு நூலைக் கண்டுபிடிக்கிற கண். சரிகிற கவர்களுக்குள் சின்னப்பாவின் கையெழுத்து சட்டென்று தென்பட்டது. 'சி. சின்னப்பா, ஈஜிபுரா.' அவர் எழுத்தில் 'சி'க்கு வால் நீளம், தப்பவே தப்பாது.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. அவர்கள் வீட்டுக் கவரை நவம்பர் இரண்டாம் தேதியே அவள் போட்டாயிற்று. அவளுடைய அப்பா, அம்மா, மாமனார், மாமியார், சின்ன வயசில் போன கொழுந்தன் என்று இரண்டு பக்கத்திலும் இறந்தவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். தனியாக ஒரு கவர் போட இவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு பெயர்தான் பாக்கி இருந்தது. சாக்கை நீட்டிக்கொண்டிருந்த கோயிற்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், கவரை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். முப்பது வருஷமாக அந்தக் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டைக்கூட எடுக்காதவள் அவள்.

மத்தியானம் தனக்கோடி வந்தாள். மூன்றாவது வீடு, பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை. அவள் வீட்டுச் சுவரில் இருப்பது புத்தர் படம். ஆனால் கல்கல்லைக் கோடு விழ உருட்டுவதற்கென்றே ஒரு புதுச் சீப்பு வாங்கி, வருஷம் பூராவும் தனியாக எடுத்து வைத்திருக்கிறவள். கையில் ஒரு கிண்ணம் பிதுக்கம்பருப்புக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். அவரைக்காய்க் காலம், சந்தெல்லாம் அந்த வாசனைதான்.

"இன்னாக்கா, மாவ மூடி வெச்சிட்டு இப்படி உக்காந்துனு இருக்கே? ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல தனம். இந்த வருஷம் எண்ணெ வெக்கல."

"எண்ணெ தீந்துபோச்சா? நம்ம வீட்ல பாக்கெட்டு இருக்குது, எடுத்தாரேன்."

"எண்ணெ இருக்குது. சட்டி வெக்கல."

தனக்கோடி மெல்லக் கீழே உட்கார்ந்தாள். சட்டி வைக்கவில்லை என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "யாருக்கா? ஊர்லருந்து சேதி வந்துச்சா?"

பியாட்ரிஸ் கவரை எடுத்துத் தரையில் வைத்து, அது என்ன, எங்கே இருந்தது என்று சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அழுகை வந்திருந்தால்கூட தனக்கோடிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பிரிச்சிப் பாத்தியா?"

"பிரிக்கக் கூடாது."

"யாரு சொன்னது? உன் வீட்டு ஆள் எழுதுனது, உன் புள்ள பேரு. நீ பிரிக்காம யாரு பிரிக்கறது?"

"அது ஆண்டவருக்குப் போட்டது தனம். அதுவும் இல்லாம..." பியாட்ரிஸ் கவரைத் திருப்பி வைத்தாள். "இது வரைக்கும் யாரும் எழுத்துல அப்படி எழுதல. போலீஸ்காரங்ககூட காணோம்னுதான் எழுதினாங்க. இத என் கண்ணால படிச்சேன்னா முடிஞ்சிபோச்சு."

"அண்ணன் எதுக்கு அப்படி எழுதணும்? எதுனா சேதி தெரிஞ்சிருக்குமோ?"

"சேதி ஒண்ணும் இல்ல. காத்துனு இருக்க முடியல அவருக்கு, அவ்ளோதான். இழுத்து மூடிட்டு நிம்மதியாத் தூங்கலாம்னு பாக்கறாரு. அடிச்சுத் தொரத்தினதும் அவரு, மண்ணு போட்டதும் அவரு."

தனக்கோடி மாவின் மேலிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தாள். "ரெண்டு கிலோவா? தேங்காப்பால் வேற ஊத்தியிருக்கே. நாளைக்குள்ள புளிச்சிடும்." துணியைத் திரும்ப மூடினாள். "உன் வீட்ல வெக்கலேன்னா போ. என் வீட்ல வெக்கறேன். புத்தரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு." பாத்திரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து நாலு நாள் அந்த வீட்டில் பேச்சு செத்துவிட்டது. பியாட்ரிஸ் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், போதுமா என்றுகூடக் கேட்கவில்லை. சின்னப்பா ஒன்றும் புரியாமல் சாப்பிட்டார். பேசாமல் இருக்கிற பெண்டாட்டியோடு குடித்தனம் நடத்துவது நாலு வருஷமாக அவருக்குப் பழக்கம்தான். என்றாலும் இது புது மாதிரியாக இருப்பது அவருக்கும் தெரிந்தது. கேழ்வரகுத் தட்டுக்குத் தண்ணீர் தெளிக்க அவள் மறந்துபோனாள். நுனி மஞ்சளாகத் தொடங்கியதைப் பார்த்து அவரே தெளித்தார்.

இருபத்து நாலாம் தேதி ஒர்க்‌ஷாப் மத்தியானமே மூடிவிட்டார்கள். சின்னப்பா வாசலில் ஏணி போட்டு நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தனக்கோடி தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், "அக்காகிட்ட குடுங்கண்ணா" என்று கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். துணியை விலக்கினால் கல்கல். சர்க்கரைப் பாகில் புரட்டியது, ஓரத்தில் அச்சு அச்சாகக் கோடு விழுந்தது. அவர் தட்டோடு அடுக்களைக்குள் வந்தார். அடுப்பு துடைத்துவிட்டபடி இருந்தது. பலகார டின்கள் காலியாகக் கவிழ்ந்திருந்தன.

"நம்ம வீட்டுக் கல்கல்லு அவங்க வீட்டுத் தட்டுல எப்படி வருது?"

பியாட்ரிஸ் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன் பீட்டி. ஏன் நீ சுடல?"

"செத்த வீட்ல எண்ணெச் சட்டி வெப்பாங்களா?"

"யாரு செத்தது?"

"அத நீங்க சொல்லணும். எழுதிக் குடுத்தது நீங்கதானே." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அரிசி டிரம்முக்கு அடியிலிருந்து கவரை எடுத்து, தட்டிலிருந்த கல்கல்லின் மேலேயே வைத்தாள்.

சின்னப்பா அதைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயசு ஆளுக்கு அன்றைக்கு எழுபது போலத் தெரிந்தது.

"இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"எப்படியோ வந்துச்சு. அவன் செத்துட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? பத்து மாசம் சுமந்தவ நான் இங்க உக்காந்து வாசலப் பாத்துனு இருக்கேன், நீங்க பாட்டுக்கு எழுதி ஒட்டிப் பெட்டியில போட்டுட்டு வந்துட்டீங்க. ஒரு மாசம் பூரா எம்புள்ளைக்கு இறந்தவங்க பூச நடந்திருக்குது. நானும் அதே பூசையில நின்னு ஆமென் சொல்லியிருக்கேன்."

"பிரிச்சிப் படிச்சியா?"

"மாட்டேன்."

"படி."

"மாட்டேன்னு சொல்றேன் இல்ல."

அவர் கவரை எடுத்து ஓரத்தைக் கிழித்தார். தகரம் வெட்டி வெட்டிக் காய்ப்பேறிய விரல்களுக்குக் காகிதம் சரியாகப் பிடிபடவில்லை. நாலாக மடித்த நோட்டுத் தாளைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினார். பியாட்ரிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவன் பேரு அதுல இல்ல பீட்டி" என்றார் சின்னப்பா.

அவள் கண்ணைத் திறந்தாள். தாளில் வரிசையாக எழுதியிருந்தது.

'பேர் தெரியாது. வயசு இருபது இருக்கும். ரயிலடி. 95 மார்ச்.'

'பேர் தெரியாது. கையில் மஞ்சுளா என்று பச்சை குத்தியிருக்கிறது. 95 ஆகஸ்ட்.'

'பேர் தெரியாது. நீலச் சட்டை, புதுசு. 96 ஜனவரி.'

'பேர் தெரியாது. சின்னப் பையன். ஒரு கால் செருப்புதான் இருந்தது.'

இப்படியே பதினொரு வரி. கடைசி வரியில் இந்த வருஷம் அக்டோபர் என்று இருந்தது. அவள் இரண்டு தரம் மேலிருந்து கீழே படித்தாள்.

"யாருங்க இவங்கெல்லாம்?"

"தெரியாது." சின்னப்பா தரையைப் பார்த்தபடி பேசினார். "அடுகோடி ஸ்டேஷன்ல ஏட்டு சேஷகிரி இருக்காரில்ல, அவரு ஒர்க்‌ஷாப்புக்கு வருவாரு. 'சின்னப்பா, பாடி பந்திதெ'ம்பாரு. அனாதப் பொணம் வந்தா, வயசு ஒத்துப்போச்சுன்னா, காணோம்னு எழுதிக் குடுத்தவங்களக் கூட்டினு போயி காட்டணும். பெரியாஸ்பத்திரி சவக்கெடங்குக்கு. நான் போயிப் பாத்துட்டு வருவேன்."

"ஓவர்டைம்னு போனதெல்லாம்?"

"சில தடவ ஓவர்டைம். சில தடவ இது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கூடவே வருவே. அந்தத் துணிய விலக்கறாங்க பாரு, அந்த நேரம்... அத ஒருத்தர் பட்டாப் போதும்னு நெனச்சேன்." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "துணிய விலக்கறப்ப, ஆண்டவரே எம்புள்ளையா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்குவேன். இருக்காது. ஸ்தோத்திரம்னு வாய்ல வந்துடும். அப்புறந்தான் பாப்பேன், எவளோ பெத்த புள்ள படுத்துனு இருக்கான். நான் ஸ்தோத்திரம் சொல்லிட்டேன். வெக்கமாப் போயிடும் பீட்டி. என்ன சாதியோ, என்ன மதமோ. கட்டவெரலால நெத்தியில ஒரு சிலுவ போட்டுட்டு வந்துடுவேன். அங்க வேல செய்றவங்க சிரிப்பாங்க. மூணு நாள்ல யாரும் வரலேன்னா அவங்களே எடுத்துப் போட்டுடுவாங்க. இவங்களுக்குன்னு பேரு எழுதிப் போட ஒருத்தரும் இல்ல. அதான் நான் எழுதறேன். நாலு வருஷமா நவம்பருக்கு எழுதறேன்."

பியாட்ரிஸ் அந்தத் தாளை மடியில் வைத்துத் தடவி நேராக்கினாள். நாலு நாளாக வராத அழுகை இப்போது வந்தது. எவனோ ஒருவனுக்கு யாரோ வாங்கிக் கொடுத்த அந்த நீலச் சட்டைக்காக முதலில் அழுதாள். பிறகு, சவக்கிடங்கு வாசலில் பதினொரு தடவை தனியாக நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அவள் ஊற்றிய ரசத்தை வாய் திறக்காமல் சாப்பிட்ட மனுஷனுக்காக அழுதாள். நாலு வருஷம் அவள் அவரை இந்த வீட்டில் குற்றவாளியாகவே வைத்திருந்தாள்.

"அப்ப ரெஜி?" என்று கேட்டாள்.

"அவன் உசுரோட இருக்கான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பதினோரு தடவ போயிப் பாத்தேன். ஒருத்தனும் அவன் இல்ல."

கோயிலில் ஆறு மணி அடித்தது. அந்த வீட்டில் பாலனை வைக்கிற நேரம் அதுதான். பியாட்ரிஸ் முகத்தைக் கழுவினாள். ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினாள். வீட்டில் இருக்கிற இரண்டு பேரில் இளையவள் அவள்தான், வழக்கப்படி அவளே வைத்திருக்கலாம். பஞ்சைப் பிரித்து, விரல் உடைந்த பாலனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

சின்னப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம் பீட்டி. அவங்கிட்டருந்து புடுங்கின கை இது."

"அந்தப் புள்ளைங்க நெத்தியில சிலுவ போட்டதும் இந்தக் கைதானே. நீங்களே வெய்ங்க."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். குடிலுக்கு முன்னால் மண்டி போட்டு, மஞ்சள் பூத்த கேழ்வரகுப் பயிர் நசுங்காமல் விலக்கி, முன்னணைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பியாட்ரிஸ், "கொஞ்சம் இருங்க" என்று தடுத்தாள். அந்த நோட்டுத் தாளை மறுபடி நாலாக மடித்து வைக்கோலுக்கு அடியில் செருகினாள். அதன் மேல் அவர் பாலனை வைத்தார். இரண்டு பேரும் முழங்காலிலேயே இருந்தார்கள்.

"அடுத்த தடவ அந்த ஏட்டு வந்தாருன்னா, வீட்டுக்கு வந்து என்னியும் கூட்டினு போங்க" என்றாள் பியாட்ரிஸ்.

"நீ தாங்க மாட்டே."

"தாங்கறனோ இல்லியோ. பெத்தவ ஒருத்தி வந்து பாத்தான்னு அந்தப் புள்ளைங்களுக்கு இருக்கட்டும்."

சின்னப்பா தலையை மட்டும் ஆட்டினார். பியாட்ரிஸ் எழுந்து அடுக்களைக்குப் போனாள். டப்பாவில் இன்னும் அரைக் கிலோ மைதா இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள்.